மூன்றாவது பிரதி

என் மருமகன் பிரெஞ்சு அரசுப் பள்ளி ஆசிரியர். பாரீஸ் பக்கத்தில் இருந்தவர், மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மார்த்தினிக் தீவுக்குப் போனார். "அப்பா, உடம்பு நல்லா இருக்கும்போதே ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று மகள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டு போய் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தேன்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் வயதுக்காரர்களுக்கு மார்த்தினிக் புதிய பெயர் அல்ல. பூகோள வகுப்பில் பிரான்சின் கடல் கடந்த மாவட்டங்களை எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும்: குவாதலூப், மார்த்தினிக், குய்யான், ரெயுனியோன். ஒன்றை விட்டால் முட்டியில் பிரம்பு விழும். சுவரில் தொங்கிய படத்தில் அது கடுகளவுப் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் ஒருநாள் காலை வைப்பேன் என்று அன்று நினைத்ததில்லை.

அங்கே நான் பார்த்தவற்றில் கடற்கரைகளைப் பற்றி எழுதப் போவதில்லை. சேன்-பியேர் என்ற ஊரில் உள்ள ஒரு சிறிய நினைவு அருங்காட்சியகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைப் பார்த்த பிறகு, இருபது வருடமாக என் மனதில் மூடி வைத்திருந்த ஒரு விஷயத்தையும் எழுதத்தான் வேண்டும்.

தலைநகர் ஃபோர்-தெ-ஃபிரான்ஸிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைச்சரிவு. ஊரை நெருங்கும்போது மருமகன் வண்டியை ஓரம் கட்டி, "மாமா, அதோ பெலே மலை" என்று காட்டினார். உயரம் 1,400 மீட்டர் இருக்கும். உச்சி மேகத்துக்குள் மறைந்திருந்தது. பெலே என்றால் மொட்டை. நம் ஊராக இருந்தால் மொட்டைமலை என்றே பெயர் வைத்திருப்போம். அடிவாரமெல்லாம் கரும்பும் வாழையுமாகப் பச்சைப் பசேலென்று இருந்தது. இதுவா ஓர் ஊரையே கொன்றது என்று நம்ப முடியவில்லை.

சேன்-பியேர் 1635-இல் உண்டான ஊர். அந்தத் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் காலூன்றிய இடம். சர்க்கரையும் ரம்மும் அதைப் பணக்கார ஊராக்கின. 800 பேர் உட்காரும் நாடகக் கொட்டகை, தெருவில் குதிரை இழுக்கும் டிராம், வணிகர் சபை, தாவரத் தோட்டம் என்று எல்லாம் இருந்தன. அந்தீய் தீவுகளின் சின்னப் பாரீஸ் என்று அழைத்தார்கள். அந்தப் பணத்துக்குப் பின்னால் அடிமைகளின் உழைப்பு இருந்தது. 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடினார்கள். எங்கே தேடினார்கள் தெரியுமா? நம் கரையில்.

1853-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி, 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் இந்தியர்களைக் கொண்டுவந்து இறக்கியது இதே சேன்-பியேர் துறையில்தான். அதன் பிறகு 1884 வரை, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் புறப்பட்ட கப்பல்களில் 25,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தீவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் தமிழர். ஐந்து வருட ஒப்பந்தம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். சிலர் திரும்பினார்கள், பலர் அங்கேயே மண்ணாகிப் போனார்கள். தீவின் வடக்கே பாஸ்-புவாந்த் பக்கத்தில் இன்றைக்கும் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் கோயில் உண்டு. பேச்சில் தமிழ் போய்விட்டது. சாமி மட்டும் தங்கிவிட்டது.

இனி அந்த அழிவைச் சொல்கிறேன்.

1902 ஏப்ரலில் மலை புகையத் தொடங்கியது. ஊர் முழுக்கக் கந்தக நாற்றம். சாம்பல் விழுந்து தெருக்கள் வெளுத்தன. மே 5-ஆம் தேதி மலையிலிருந்து கொதிக்கும் சேறு இறங்கி, பிளான்ஷ் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த கெரேன் சர்க்கரை ஆலையை ஆட்களோடு மூடியது. ஓடிப்போக அதுவே எச்சரிக்கை போதாதா என்று இன்று கேட்கலாம். ஆனால் அன்று சுற்றுக் கிராமத்து மக்கள் பாதுகாப்பு என்று நம்பி ஊருக்குள்ளேதான் ஓடிவந்தார்கள். மே 11-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று நடக்கவிருந்தது. ஆளுநர் மூத்தே ஓர் ஆணைக்குழு போட்டார். ஊருக்கு ஆபத்தில்லை என்று குழு சொன்னது. ஆளுநரும் 7-ஆம் தேதி மனைவியோடு ஊருக்கு வந்து தங்கினார். அவர் மக்களைப் பிடித்து வைத்தார் என்று குற்றம் சொல்பவர்கள் உண்டு. ஆனால் தானும் மனைவியுமாக அதே ஊரில் படுத்துறங்கியவரை முழுப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தில் இருந்ததை அவர் நம்பினார். அரசு வேலையில் இருந்தவர்களுக்கு அந்த நோய் புரியும்.

மே 8, வியாழக்கிழமை, ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாள். காலை எட்டு மணி சுமார். மலையின் பக்கவாட்டிலிருந்து நெருப்பு மேகம் கிளம்பியது. நெருப்பாறு மெதுவாக ஓடி வரும் என்றுதான் நாம் எரிமலையைப் பற்றி நினைக்கிறோம். இது அப்படியில்லை. பல நூறு டிகிரி சூட்டில் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்து தரையோடு தரையாகப் புயல் வேகத்தில் வருவது. சில நிமிடங்களில் ஊர் முடிந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின. 'ரோடம்' என்ற ஆங்கிலேயக் கப்பல் மட்டும் எரிந்துகொண்டே தப்பி செயின்ட் லூசியா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர் என்பது பொதுவான கணக்கு.

ஊருக்குள் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒருவர் சிப்பாரிஸ். தடித்த சுவரும் குறுகிய வாயும் கொண்ட சிறை அறையில் அடைபட்டிருந்ததால் தீக்காயங்களோடு உயிர் தப்பினார். மூன்று நாள் கழித்து வெளியே எடுத்தார்கள். பிறகு அமெரிக்கச் சர்க்கஸ் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனார். இன்னொருவர் ஊர் விளிம்பில் இருந்த செருப்புத் தைக்கும் தொழிலாளி, கொம்பேர்-லெயாந்திர். சிப்பாரிஸ் இருந்த அறை இன்றும் இருக்கிறது, இடிந்த நாடகக் கொட்டகைக்குப் பக்கத்தில். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். நம் பழைய வீடுகளின் நெல் கிடங்கு மாதிரி இருட்டு.

அருங்காட்சியகம் விக்தோர் உய்கோ தெருவில், கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது. சிறிய கட்டடம். சாவகாசமாகப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம்தான். இதைத் தொடங்கியவர் ஃபிராங்க் பெரெட் என்ற அமெரிக்கர். மின்சாரப் பொறியாளராக இருந்து எரிமலை ஆராய்ச்சிக்கு வந்தவர். 1929-இல் பெலே மறுபடி கனன்றது; 1932 வரை அடங்கவில்லை. அந்த மனிதர் மலைச்சரிவில் ஒரு குடிசை போட்டு உட்கார்ந்து அதைக் கண்காணித்தார். பிறகு இடிபாடுகளில் கிடைத்த பொருட்களைச் சேர்த்து 1933-இல் இந்த அருங்காட்சியகத்தை நிறுவினார். 2019-இல் புதுப்பித்து, 1902 பேரழிவின் நினைவகம் என்று பெயர் சேர்த்துத் திறந்திருக்கிறார்கள்.

உள்ளே மாதா கோயில் மணி ஒன்று நசுங்கிக் கிடக்கிறது. வெண்கல மணியை யாரோ ஈயப் பாத்திரத்தை மிதித்த மாதிரி மிதித்திருக்கிறார்கள் என்று தோன்றும். உருகி ஒட்டிப்போன கண்ணாடிக் குவளைகள், கட்டியாகிவிட்ட ஆணிகள், கத்தரிக்கோல்கள். எல்லாம் யாரோ ஒருவர் அன்று காலையில் கையில் எடுத்த, அல்லது எடுக்கவிருந்த சாமான்கள்.

அவற்றையெல்லாம் தாண்டி என்னை நிறுத்தியது பெயர்கள். இறந்தவர்களில் அடையாளம் தெரிந்தவர்களின் பெயர்களைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். 7,000-க்கும் மேல். மற்றவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் நின்றுவிட்டேன். 28,000 பேர் இறந்த ஊரில் ஏழாயிரம் பெயர் என்றால், நாலில் மூன்று பேருக்குப் பெயரே இல்லை என்றல்லவா கணக்கு வருகிறது!

மருமகன் கேட்டார், "ஏன் மாமா, ஒரு ஊருக்குப் பதிவேடு இருக்காதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் அந்த அறையில் இருந்திருக்க மாட்டார். நான் பிறப்பு இறப்புப் பதிவில் காலம் தள்ளியவன். வேலைக்குச் சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில் எத்தா-சிவில் பார்த்த பெரியவர்கள் இரண்டு பேர் இன்னும் வேலையில் இருந்தார்கள். அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "ஒரு பதிவு பதிவே இல்லை தம்பி. இரண்டு இருந்தால்தான் ஒன்று மிஞ்சும்." பிரெஞ்சு முறையில் ஒரு பதிவேடு மேரியில், இன்னொன்று நீதிமன்றத்தில். குடியேற்ற நாடுகளுக்கு மட்டும் 1776-ஆம் ஆண்டு அரச ஆணைப்படி மூன்றாவது பிரதி ஒன்று உண்டு. அது கப்பலேறி பிரான்சுக்குப் போய்விடும். இன்று அவை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சேன்-பியேரில் மேரியும் எரிந்தது, நீதிமன்றமும் எரிந்தது. பதிவேடும் போயிற்று, பதிந்த குமாஸ்தாவும் போனார். மிஞ்சியது கடல் தாண்டிப் போயிருந்த அந்த மூன்றாவது பிரதிதான். அது இல்லையென்றால் அந்த ஊர்க்காரர்கள் பிறந்ததற்கே சாட்சி இருந்திருக்காது.

ஆனால் மூன்றாவது பிரதியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வருடம் முடிந்து ஏடு மூடிய பிறகுதானே அது கப்பலேறும்? 1902-ஆம் ஆண்டின் ஏடு மே மாதத்தில் மேசை மேல் திறந்தபடி இருந்திருக்கும். ஆக, அந்த வருடம் ஜனவரிக்கும் மே 8-க்கும் நடுவில் அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் அந்த மேசையோடு எரிந்தார்கள். பிறந்ததாகவும் பதிவில்லை, இறந்ததாகவும் பதிவில்லை. தாயும் தகப்பனும் பாட்டியும் அண்டை வீட்டாரும் சேர்ந்து போய்விட்டால், பெயரைச் சொல்ல யார் வருவார்கள்?

அதை மருமகனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவர் கவனித்திருப்பார். "உட்காருங்க மாமா" என்றார்.

2004 டிசம்பர் 26. இதைப் படிக்கும் உங்களில் பலர் அன்று எங்கே இருந்தீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஒன்றியப் பகுதியில் அதிகம் அடிபட்டது காரைக்கால். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு என்று மீனவர் கிராமங்கள் வரிசையாக அழிந்தன. ஓய்வு பெற நாலைந்து வருடம் இருந்த என்னையும் பதிவு வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மேசை. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, இரண்டு சாட்சி. என் முன்னால் வரிசை. 'பெண், வயது சுமார் 40, பெயர் தெரியவில்லை' என்று எத்தனை வரி எழுதினேன் என்று எண்ணவில்லை.

ஜனவரி 3-ஆம் தேதி ஒரு கிழவி வந்தார். கையில் எந்த அட்டையும் இல்லை. மகளுக்கு டிசம்பர் 15-ஆம் தேதி வீட்டிலேயே பிரசவம். பெண் குழந்தை. பதினோராம் நாள் அலை வந்தது. மகள் தென்னை மரத்தைப் பிடித்துப் பிழைத்தாள். குழந்தை கையை விட்டுப் போயிற்று. உடல் கிடைக்கவில்லை.

நான் கேட்டேன்: "பிறப்பு பதிஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"பிறப்பே பதியாம இறப்பை எப்படிம்மா பதியறது?"

அவர் அழவில்லை. "பணத்துக்குக் கேக்கல சார். ஒரு பேரு எழுதி வச்சுக்கங்க" என்று சொல்லி, குழந்தையின் பெயரைச் சொன்னார். அந்த இடத்திலேயே வைத்த பெயராகக்கூட இருக்கலாம். நான் தலையாட்டிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டேன். பேனா கையில் இருந்தது. எழுதவில்லை.

1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி தகவலை வாய்மொழியாகவே சொல்லலாம். குழந்தை பிறந்து 21 நாள் வரை அவகாசம் உண்டு. டிசம்பர் 15-இலிருந்து எண்ணினால் ஜனவரி 5. கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிறப்பை முதலில் எழுதி, இறப்புக்கு ஒரு விசாரணைக் குறிப்பு போட்டு மேலே அனுப்பியிருக்கலாம். மேலே என்ன செய்திருப்பார்களோ, அது வேறு. என் கையில் இருந்ததை நான் செய்திருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. சட்டமும் தடுக்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது, எனக்குக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

சேன்-பியேர் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பெயரை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை.

இடையில் அந்த ஊர் எப்படி மீண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அருங்காட்சியகத்தின் நோக்கமே அதுதானே. அரசாங்கம் 1910-இல் சேன்-பியேரை ஊர்க் கணக்கிலிருந்தே எடுத்து, பக்கத்து ஊரான கார்பேயோடு சேர்த்துவிட்டது. ஆனால் மக்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். 1923-இல் மறுபடி அது தனி நகராட்சியானது. பழைய சுவர்களின் மேலேயே புது வீடு எழுப்பியிருக்கிறார்கள். கீழே கருகிய கல், மேலே சுண்ணாம்பு. விக்தோர் தெப்பாஸ் என்பவர் 1902-இல் போர்தோவில் படித்துக்கொண்டிருந்ததால் தப்பியவர். குடும்பம் முழுவதும் போய்விட்டது. அவர் திரும்பி வந்து 1917-இல் அதே மலையின் அடிவாரத்தில் ரம் ஆலை கட்டினார். அது இன்றும் ஓடுகிறது. 1929-இல் மலை கனன்றபோது ஊரைக் காலி செய்தார்கள். இந்தத் தடவை காகிதத்தை நம்பி உட்காரவில்லை. இப்போது ஊரில் சுமார் 4,000 பேர்தான். சின்னப் பாரீஸ் திரும்பவில்லை. ஆனால் மாலையில் கடற்கரையில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், மீன் விற்கிறார்கள். மீள்வது என்றால் இருந்தபடியே ஆவதல்ல என்று அங்கே தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பிய அடுத்த மாதம் காரைக்கால் போனேன். மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். விசாரித்து விசாரித்து, சுனாமி குடியிருப்பில் அந்த மகளைக் கண்டுபிடித்தோம். இப்போது நாற்பது வயதைத் தாண்டியவர். பிறகு இரண்டு பையன்கள் பிறந்து, பெரியவன் டிப்ளமா படிக்கிறான். கிழவி காலமாகிப் பல வருடம் ஆயிற்று. நான் யார் என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அவர் காபி போட எழுந்தவர், நின்றபடியே கேட்டார்:

"அம்மா பேரு சொன்னாங்களா சார்? என்ன பேரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அவரிடம் கேட்க வந்த கேள்வி அது. "உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"பேரு வைக்கிறதுக்குள்ள போயிடிச்சே. அம்மா எங்கிட்ட அதப்பத்திப் பேசவே மாட்டாங்க."

அந்தப் பெயரைச் சொன்னவர் ஒருவர், கேட்டவன் ஒருவன். சொன்னவர் போய்விட்டார். கேட்டவன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் விட்டான். அவர் என்மேல் கோபப்படவில்லை. "காபி ஆறிடும் சார், குடிங்க" என்றார். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வாசகர்களே, இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். உங்கள் வீட்டிலும் பதிவாகாத பெயர்கள் இருக்கும்: சின்ன வயதில் போன அத்தை, கப்பலேறித் திரும்பாத தாத்தாவின் தம்பி, பிறந்து சில நாளே இருந்த குழந்தை. அந்தப் பெயர்கள் இன்று உங்கள் ஒருவர் நினைவில் மட்டும் இருக்கலாம். ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி தெரிந்தால் தேதி, இல்லையென்றால் 'அந்த வருடப் புயலுக்கு முன்' என்றாவது எழுதுங்கள். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று பிள்ளையிடம், ஒன்று வேறு ஊரில் இருப்பவரிடம்.

நான் என் நோட்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'பெண் குழந்தை. பிறப்பு 15-12-2004. இறப்பு 26-12-2004. பெயர் சொல்லப்பட்டது. பதிவு எழுத்தர் எழுதவில்லை.' கீழே என் கையெழுத்து. மூன்று பிரதி எடுத்து, ஒன்றை மார்த்தினிக்கில் இருக்கும் மகளுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.